வேப் அடிப்பவர் இன்சூரன்ஸ் படிவத்தில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 34. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். பத்து வருஷமாக சிகரெட் பிடித்தவர், போன வருஷம் அதை விட்டுவிட்டு வேப்புக்கு (இ-சிகரெட்) மாறிவிட்டார். கம்பெனியில் குடும்பத்துக்கே சேர்த்து 3 லட்சத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறது. இப்போது அதற்கு மேல் 10 லட்சத்துக்கு டாப்-அப் எடுக்கலாம், பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். புகையிலை அல்லது நிகோடின் பழக்கம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. 'வேப்பில் புகையிலையே கிடையாது, இல்லைன்னு டிக் அடிச்சிடலாம்' என்கிறார் இவர். டல்லாஸில் வேலை செய்யும் என் தம்பியோ, அங்கே அவன் கம்பெனியில் வேப்புக்கும் சிகரெட் மாதிரியே மாதாமாதம் கூடுதலாகப் பிடிக்கிறார்கள், ஜாக்கிரதை என்கிறான். அவன்தான் ஊருக்கு வரும்போதெல்லாம் இவருக்கு வேப் வாங்கி வருகிறான். தடை செய்த பொருளாயிற்றே, 'ஆமாம்' என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ், கேஸ் என்று ஏதாவது வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. இன்னொன்று: இரண்டு வருஷத்துக்கு முன் இவர் பேரில் 50 லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்தோம். அப்போது சிகரெட் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஏஜென்ட்டே படிவத்தை நிரப்பி, புகைப்பழக்கம் 'இல்லை' என்று போட்டுவிட்டார். அதனால் பிரச்சினை வருமா?

பதில் தருபவர்: மருத்துவக் காப்பீட்டு ஆலோசகர், பழைய வண்ணாரப்பேட்டை

அன்புச் சகோதரிக்கு,

டாப்-அப் படிவத்தில் 'ஆமாம்' என்றே டிக் அடிக்கச் சொல்லுங்கள். அதனால் கம்பெனி கொடுக்கும் 3 லட்சத்துக்கு ஒரு பாதிப்பும் வராது. டாப்-அப்புக்குப் பிரீமியம் கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம். உடனே கவனிக்க வேண்டியது டெர்ம் பாலிசி. நீங்கள் அதைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அதுதான்.

கம்பெனி பாலிசி எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குரூப் பாலிசியில் ஒப்பந்தம் உங்கள் வீட்டுக்காரரின் நிறுவனத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையில். ஊழியர்கள் எத்தனை பேர், என்ன வயது, குடும்பத்தில் யார் யார், போன வருஷம் மொத்தம் எவ்வளவு கிளெய்ம் போயிருக்கிறது, இவற்றை வைத்து மொத்தமாக ஒரு விலை பேசுவார்கள். யார் தம் அடிக்கிறார், யார் அடிக்கவில்லை என்று ஆள் ஆளாகப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர்கூட பெரும்பாலான குரூப் பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே சேர்ந்துவிடும். அதனால் அந்த யார்டில் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் பிடிக்கிறவருக்கும், வேப் இழுக்கிறவருக்கும், எதையும் தொடாதவருக்கும் அந்த 3 லட்சம் ஒரே மாதிரிதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு உள்ள இ.எஸ்.ஐ.யிலும் இப்படித்தான். சம்பளத்தில் தொழிலாளிக்கு 0.75 சதவீதம், முதலாளிக்கு 3.25 சதவீதம், அவ்வளவுதான் கணக்கு. அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பீடி பிடிக்கிறவருக்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

டாப்-அப் அப்படியில்லை. அது உங்கள் பணத்தில், உங்கள் விருப்பத்தில் எடுப்பது. அதனால் இன்சூரன்ஸ் கம்பெனி ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியின் வாசகத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சில படிவங்களில் 'நீங்கள் புகை பிடிப்பவரா' என்று மட்டும் இருக்கும். சிலவற்றில் 'கடந்த 12 மாதங்களில் சிகரெட், பீடி, குட்கா, பான் மசாலா' என்று பட்டியல் நீளும். இப்போது பலரும் 'புகையிலை அல்லது நிகோடின், எந்த வடிவத்திலும்' என்று போட ஆரம்பித்துவிட்டார்கள். உங்களுக்கு வந்த படிவம் இந்த மூன்றாவது வகை. 'நிகோடின்' என்ற சொல் அதில் இருக்கும்போது, வேப்பில் புகையிலை இல்லை என்ற உங்கள் வீட்டுக்காரரின் வாதத்துக்கு இடமே இல்லை. பட்டியல் மட்டும் இருந்து அதில் வேப் இல்லாவிட்டாலும், ஓரத்தில் 'சிகரெட் விட்டாச்சு, இப்போது இ-சிகரெட்' என்று கையால் எழுதிக் கொடுப்பதைத்தான் நான் சொல்வேன்.

சிகரெட்டையும் வேப்பையும் ஏன் ஒரே தட்டில் வைக்கிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. முதல் காரணம் பரிசோதனை. நிகோடின் உடம்புக்குள் போனதும் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. பாலிசி கொடுக்கும் முன் சிறுநீரிலோ ரத்தத்திலோ அதைத்தான் தேடுகிறார்கள். ஒரு நாள் விட்டால் போய்விடாது, சில நாட்கள் தங்கும். அது சிகரெட்டில் வந்ததா, வேப்பில் வந்ததா, ஹான்ஸ் மாதிரி வாயில் வைக்கும் புகையிலையில் வந்ததா என்று அந்தப் பரிசோதனைக்குத் தெரியாது. சிகரெட்டை விடுவதற்காக மெல்லும் நிகோடின் சூயிங்கம்கூட அதில் பாசிட்டிவ் காட்டும். இரண்டாவது, வேப் வந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது. முப்பது வருஷம் வேப் மட்டுமே இழுத்தவருக்கு என்ன ஆகும் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் இன்சூரன்ஸ்காரர் அதிக விலைதான் போடுவார். பிரிட்டனில் சிகரெட்டை விடுவதற்கு அரசு மருத்துவத் துறையே வேப்பைக் கைகாட்டுகிறது. அந்த நாட்டிலும் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை வேப் அடிப்பவரைப் புகைப்பவர் கணக்கில்தான் வைக்கின்றன.

உங்கள் தம்பி சொல்வதும் உண்மைதான். ஆனால் அது அந்த நாட்டுக் கணக்கு. அமெரிக்காவில், புகையிலை பழக்கம் உள்ள ஊழியரிடம் கம்பெனி கூடுதலாக வசூலிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. 2013இல் வந்த விதிகளின்படி, ஒரு ஆளுக்கான காப்பீட்டின் மொத்தச் செலவில் 50 சதவீதம் வரை போகலாம். முதலாளி பங்கும் ஊழியர் பங்கும் சேர்ந்த மொத்தம் அது. உதாரணத்துக்கு அது வருஷத்துக்கு 8,000 டாலர் என்றால் 4,000 டாலர் வரை. வேப் அதில் சேருமா என்பதைப் பெரிய கம்பெனிகளில் அந்தக் கம்பெனியின் திட்ட ஆவணம்தான் முடிவு செய்யும். ஒன்றில் 'புகையிலைப் பொருட்கள்' என்று மட்டும் இருக்கும், இன்னொன்றில் 'இ-சிகரெட் உட்பட' என்று இருக்கும். அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016இலேயே இ-சிகரெட்டைப் புகையிலைப் பொருட்களின் விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டதால், சேர்க்கிற கம்பெனிகளுக்கு வாதம் பலமாகவே இருக்கிறது.

உங்கள் தம்பிக்கே இந்தப் பிடித்தம் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். இப்படி வசூலிக்கிற கம்பெனி, பழக்கத்தை விடுவதற்கான ஒரு பயிற்சியையோ அதற்கு நிகரான வேறு வழியையோ கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பயிற்சியை முடித்தால், பழக்கம் முழுசாக விடாவிட்டாலும் அந்தக் கூடுதல் தொகையை விலக்கித் தர வேண்டும். இதை ஊழியர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்று அண்மை வருஷங்களில் அங்கே பல கம்பெனிகள் மேல் வழக்குகள் போயிருக்கின்றன. அப்புறம், அங்கே தனியாகவோ சிறு நிறுவனம் மூலமாகவோ எடுக்கும் பாலிசியில் புகையிலை பற்றித் தவறாகச் சொல்லியிருந்தால், விட்டுப்போன பிரீமியத்தைப் பின்தேதியிட்டு வசூலிக்கலாமே தவிர, அதற்காகப் பாலிசியை ரத்து செய்ய முடியாது. நம் ஊரில் தனிநபர் பாலிசிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இங்கே பொய்யான 'இல்லை' வெடிப்பது கிளெய்ம் நேரத்தில்.

எப்படி வெடிக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் நான் வாராவாரம் பார்க்கிறேன். நெஞ்சுவலி என்று ராத்திரி ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டை எடுத்து, சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, தம் அடிப்பாரா, தண்ணி அடிப்பாரா என்று வரிசையாகக் கேட்பார். பதற்றத்தில் நிற்கிற மனைவியோ அம்மாவோ உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்: 'பத்து வருஷமா சிகரெட் சார், இப்ப ஒரு வருஷமா அந்த மெஷின்.' டாக்டர் அதை ஒரே வரியில் எழுதிக்கொள்வார். அந்த வரி அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும். ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் கேட்டு, கிளெய்மைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. நிறுவனத்துக்கு அனுப்பும் காகிதங்களிலும் இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் அந்த வரியையும், மூன்று வருஷத்துக்கு முன் கையெழுத்திட்ட படிவத்தில் உள்ள 'இல்லை'யையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். உண்மையை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறீர்கள் என்று மறுப்புக் கடிதம் வரும். சிகரெட்டுக்காக மறுப்பதில்லை. எழுதின பொய்க்காக மறுக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்போ டாக்டர்கிட்ட சொல்லாம இருந்துடலாமே' என்று யோசிப்பவர்கள் உண்டு. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு பரவியபோது, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த வேப்பில் சேர்த்த வைட்டமின்-இ அசிடேட்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். பார்த்தால் நிமோனியா மாதிரியே இருக்கும் நோய் அது. நோயாளி வேப் இழுத்தவர் என்று தெரிந்தால்தான் டாக்டரின் யோசனை அந்தப் பக்கம் போகும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும், டாக்டரிடம் முழு உண்மை. படிவத்தை அந்த உண்மைக்குப் பொருத்துங்கள், உண்மையைப் படிவத்துக்குப் பொருத்தாதீர்கள்.

ஒரு விஷயம் உங்கள் காதில் போட்டு வைக்கிறேன். உண்மையை எழுதிக்கொடுத்த பிறகும், நாளைக்கு மூச்சுத்திணறல் என்று படுத்தால், 'இது அடிமைப் பழக்கத்தின் விளைவு' என்று சொல்லி மறுக்கப் பார்க்கலாம். மது, போதை, அடிமைப் பழக்கம் இவற்றுக்கான சிகிச்சையும் விளைவுகளும் கிடையாது என்று பாலிசிகளில் ஒரு பொதுவான விலக்கு இருக்கிறது, பன்னிரண்டாம் எண். பழக்கத்தை விடுவிக்கும் சிகிச்சைச் செலவுக்கு அந்த விலக்கு பொருந்தும். நுரையீரல் நோய்க்கெல்லாம் அதை நீட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் விடாதீர்கள். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் மணலியிலும் எண்ணூரிலும் ஆஸ்துமா வருகிறது. காற்றையும் கன்டெய்னர் லாரிப் புகையையும் விட்டுவிட்டு வேப்பை மட்டும் காரணம் காட்டினால், அதை நிரூபிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் தேனாம்பேட்டையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். குரூப் பாலிசிக்கும் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை அவர் தீர்ப்பு சொல்வார். மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும்.

சரி, போலீஸ் பயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2018இலும், நாடு முழுக்க 2019இலும் இ-சிகரெட்டைத் தடை செய்தார்கள். மத்தியச் சட்டம் தண்டிப்பது தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம், சேமித்து வைப்பது இவற்றை. பயன்படுத்தினார் என்பதற்கென்று அதில் தனியாக ஒரு தண்டனைப் பிரிவு இல்லை. இன்சூரன்ஸ் படிவத்தில் 'நிகோடின் பழக்கம் உண்டு' என்று எழுதுவது உடல்நிலை பற்றிய தகவல். அதை வைத்து வழக்கு வந்ததாக என் அனுபவத்தில் ஒன்றுகூட இல்லை. எங்கே வாங்கினார், யார் கொடுத்தார் என்றெல்லாம் படிவம் கேட்காது, நீங்களும் எழுத வேண்டாம்.

ஆனால் உங்கள் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து வேப் கொண்டுவருவது இறக்குமதிதான். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று வருஷம் வரை, அபராதம் ஐந்து லட்சம் வரை. மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ் பெட்டியைத் திறந்தால் மாமாவுக்கு ஆசையாக வாங்கி வந்தேன் என்பதெல்லாம் எடுபடாது. விசாவில் இருக்கிற பையனுக்கு ஒரு கிரிமினல் வழக்கு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டாப்-அப் எடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, குரூப்புக்கு 18 சதவீதம் உண்டு. வெளியே தனியாக எடுக்கும் டாப்-அப், வேலை போனாலும் கூடவே வரும். கம்பெனி வழி எடுத்தது பெரும்பாலும் வேலையோடு போய்விடும். தனியாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வேண்டிவரலாம், அது ஒரு குறை. 34 வயதில் பெரிதாக நோய் எதுவும் இல்லையென்றால் நான் தனிப் பாலிசி பக்கம்தான் சாய்வேன். அங்கேயும் இதே நிகோடின் கேள்வி வரும், அங்கேயும் 'ஆமாம்'தான். மருத்துவக் காப்பீட்டில் தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், அப்புறம் மோசடி என்று நிரூபித்தால் தவிர மறைத்ததைச் சொல்லி மறுக்க முடியாது. ஐந்து வருஷம் ஒன்றும் ஆகாது என்று நம்பிப் பொய் எழுதுவது உங்கள் இரண்டு பேருடைய தூக்கத்தையும் கெடுக்கும்.

இனி டெர்ம் பாலிசி. ஆயுள் காப்பீட்டில் மூன்று வருஷம்தான் கெடு. காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி, மூன்று வருஷம் முடிந்தபின் எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. உங்களுக்கு இரண்டு வருஷம்தான் ஆகிறது. கடவுள் புண்ணியத்தில் எதுவும் ஆகக் கூடாது, ஆனால் இந்த இடைவெளியில் அவருக்கு ஏதாவது நேர்ந்தால் கட்டாயம் விசாரணை வரும். மோசடி இல்லை, தவறான தகவல் என்று முடிவானால் கட்டின பிரீமியத்தைத் திருப்பித் தருவார்கள். 50 லட்சம் வர வேண்டிய இடத்தில் சில ஆயிரம். மோசடி என்றே சொல்லிவிட்டால் அதுவும் சிக்கல். பாதிக்கப்படப் போவது நீங்கள்தான் என்பதால், முடிவெடுப்பதில் உங்கள் குரலும் இருக்க வேண்டும்.

'நான் பாத்துக்கறேன் சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க' என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். பிரீமியம் கூடினால் ஆள் பின்வாங்கிவிடுவார் என்று அவருக்குப் பயம். புகைப்பவர் விலை கணிசமாகக் கூடும், ஒன்றரை மடங்கைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் கையெழுத்து உங்கள் வீட்டுக்காரருடையது. ஏஜென்ட் நிரப்பினார் என்பது கிளெய்ம் மேசையில் அவ்வளவு எளிதில் எடுபடாது.

இப்போது செய்ய வேண்டியது ஒரு கடிதம். பாலிசி எண் போட்டு, 'விண்ணப்பத்தில் புகைப்பழக்கம் இல்லை என்று பதிவாகியிருக்கிறது, அது சரியல்ல, அப்போது சிகரெட் பிடித்தேன், இன்ன மாதத்திலிருந்து சிகரெட் இல்லை, இ-சிகரெட் பயன்படுத்துகிறேன், பதிவைத் திருத்தி அதற்கான பிரீமியத்தைத் தெரிவியுங்கள்' என்று உங்கள் வீட்டுக்காரரே கையெழுத்திட வேண்டும். சாக்குப்போக்கு, ஏஜென்ட் மேல் புகார் எதுவும் அதில் வேண்டாம். அவர்கள் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், சில சமயம் பாலிசியையே நிறுத்துகிறோம் என்றும் சொல்லலாம். அதனால் கடிதம் அனுப்பும் முன், உண்மையான விவரங்களோடு வேறு ஒரு கம்பெனியில் புதிய டெர்ம் பாலிசிக்கு விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாலிசி இருப்பதையும் அங்கே சொல்லிவிடுங்கள்.

வேப்பையும் விட்டுவிட்டால் இந்தப் பேச்சே குறையும். நிகோடின் எந்த வடிவத்திலும் இல்லாமல் ஒரு வருஷம் முழுசாகப் போனால், பல கம்பெனிகள் புதிய விண்ணப்பத்தில் புகைக்காதவர் விலை தருகின்றன. சூயிங்கம், பேட்ச் நிறுத்திய நாளிலிருந்துதான் அந்த ஒரு வருஷம் ஆரம்பம். நான் டாக்டர் இல்லை, வழி மட்டும் சொல்கிறேன். 1800-11-2356 என்பது புகையிலையை விட உதவும் மத்திய அரசின் இலவச எண். நேரில் போக வேண்டுமென்றால் ஸ்டான்லி புறநோயாளிகள் பிரிவில் கேளுங்கள். சிகரெட்டை விடவே பத்து வருஷம் ஆனவர், திட்டினால் விட மாட்டார், கூடப் போங்கள்.

டெர்ம் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, நகலை மின்னஞ்சலிலும் போடுங்கள். தபால் ரசீதையும், கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பாலிசிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். திருத்திய பிரீமியம் எவ்வளவு என்று அவர்கள் பதில் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். நியாயமான விலைதானா, கட்டலாமா, புதிய பாலிசிக்கு மாறுவது மேலா என்று பார்த்துச் சொல்கிறேன்.